கத்திக்கு முந்தைய நாற்பது நாட்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சில ஆண்டுகளுக்கு முன் நீங்கள் எழுதிய கட்டுரை ஒன்றில், கறியை அடியோடு விட முடியாதவர்கள் பெரிய விலங்குகளையாவது விட்டுவிட்டுக் கோழியோடு நிறுத்திக்கொள்ளலாம், அது முதல் படி என்று சொல்லியிருந்தீர்கள். நான் அந்தப் படியில் ஏறி அங்கேயே உட்கார்ந்துவிட்டவன். என் மனைவி கறி தொடமாட்டார். முட்டையும் பாலும் உண்டு.

போன மாதம் என் பத்து வயது மகள் எதையோ படித்துவிட்டு வந்தாள். முட்டைக்காகக் கோழி வளர்க்கும் தொழிலில் சேவல் குஞ்சுகளைப் பொரித்த அன்றே கொன்றுவிடுகிறார்களாமே, அப்படியென்றால் அம்மா மட்டும் எப்படிப் பாவம் செய்யாதவர் ஆவார் என்று கேட்டாள். நாங்கள் இருவருமே வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து அவள் கறியும் முட்டையும் சாப்பிடுவதில்லை.

என் தந்தையிடம் சொன்னேன். "கொன்றால் பாவம், தின்றால் போச்சு" என்று சிரித்தார். நண்பர்களில் ஒருவர் சிங்கம் மானைத் தின்னவில்லையா என்றார். இன்னொருவர் கீரைக்கு உயிர் இல்லையா என்றார். மூன்றாமவர் கோபப்பட்டார்: "தின்பதை நிறுத்து, இல்லையென்றால் மிருகவதையைப் பற்றிப் பேசாதே." அதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. கறி தின்னும் ஒருவனுக்கு இதைப் பேசத் தகுதி உண்டா?

பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் என் பிழையை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கட்டுரையில் நான் சொன்ன யோசனை தவறானது. நன்கு வளர்ந்த ஒரு காளையிலிருந்து 200 கிலோவுக்கு மேல் கறி கிடைக்கும். ஒரு பிராய்லர் கோழியில் கிடைப்பது ஒன்றரைக் கிலோ. அதை விட்டு இதற்கு மாறுகிறவர், ஒரு சாவுக்குப் பதிலாக நூற்றுக்கும் மேற்பட்ட சாவுகளைத் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறார். எழுதும்போது நான் எண்ணிக்கையைப் பார்க்கவில்லை, கண்ணைத்தான் பார்த்தேன். பெரிய ஈரமான கண்ணும் நீண்ட இமைமயிரும் உள்ள உயிர் சாவது நம்மை என்னவோ செய்கிறது. தலையின் பக்கவாட்டில் பொத்தான் போல ஒட்டியிருக்கும் கோழியின் கண்ணுக்கு அந்தச் சலுகை கிடைப்பதில்லை. உலகம் முழுவதும் உணவுக்காக ஓராண்டில் கொல்லப்படும் நிலவாழ் விலங்குகள் 8,000 கோடிக்கு மேல். அவற்றில் 7,000 கோடிக்கும் மேற்பட்டவை கோழிகள். என்னைப் போன்ற ஆலோசகர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

(மாடுகள் வெளியிடும், பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவை வைத்துப் பார்த்தால் கோழிக்கு மாறுவதுதான் பூமிக்கு நல்லது. அதுவும் உண்மையே. இரண்டு நியாயங்கள் எதிரெதிர்த் திசையில் இழுக்கும்போது ஒரே வரியில் உபதேசம் செய்யக் கூடாது என்று இப்போது தெரிகிறது.)

உங்கள் தந்தை சொன்ன பழமொழிக்கு வருகிறேன். அதை நான் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. கொல்வது பாவம் என்பதை அது மறைக்கவில்லை. முதல் இரண்டு சொற்களிலேயே ஒப்புக்கொள்கிறது. பிறகுதான் அதைக் கழுவ வழி தேடுகிறது. திருக்குறளில் புலால் மறுத்தல் 26ஆம் அதிகாரம், கொல்லாமை 33ஆம் அதிகாரம். தின்பதற்காக உலகம் கொல்லாவிட்டால் விலைக்கு ஊன் தருபவர் யாரும் இருக்கமாட்டார் என்கிறது 256ஆம் குறள். "நான் கொல்லவில்லை, வாங்கினேன்" என்று தப்பப் பார்ப்பவனின் கையைப் பிடித்து நிறுத்தும் குறள் அது.

ஆனால் பழமொழியும் குறளும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன. இரண்டுக்கும் பிரச்சினை கத்தியிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முன்பு அந்த உயிர் எப்படி வாழ்ந்தது என்ற கேள்வி எழவே இல்லை. எழ வேண்டிய தேவையும் இருக்கவில்லை. கோழி குப்பையைக் கிளறியது, மண்ணில் புரண்டது, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிந்தது. ஒருநாள் பிடித்து அறுத்தார்கள். கடைசி நாளைத் தவிர மற்ற நாட்களெல்லாம் அதனுடையவை. அந்த மற்ற நாட்களை மனிதன் எடுத்துக்கொண்டது கடந்த முக்கால் நூற்றாண்டில்தான். கொலையைப் பற்றிப் பேச நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டுச் சொற்கள் இருக்கின்றன. வளர்ப்பைப் பற்றிப் பேசப் பழமொழி ஒன்றுகூட இல்லை. கொல்லலாமா கூடாதா என்ற பழைய வழக்கை இழுத்தடித்துக்கொண்டே போகிறோம். அந்த வாய்தாவுக்குள் கொட்டகைகள் பெருகிவிட்டன.

ஒருமுறை அப்படியொரு கறிக்கோழிக் கொட்டகைக்குள் போயிருக்கிறேன். 35ஆவது நாள் என்றார்கள். எல்லாக் கோழிகளும் ஒரே நாளில் பொரித்தவை. ஆயிரக்கணக்கான உயிர்கள் இருக்கும் இடத்தில் ஒரு நாள் மூத்தது, ஒரு நாள் இளையது கிடையாது. கூளத்தின் மீது அடுக்கி வைத்தது போல உட்கார்ந்திருந்தன. அம்மோனியா நெடி கண்ணைக் கரித்தது. அதையெல்லாம் எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். எதிர்பாராதது குரல். அவ்வளவு பெரிய கோழிகள் கொக்கரிக்கவில்லை, கூவவில்லை. குஞ்சுகளைப் போலக் கீச்சிட்டுக்கொண்டிருந்தன. அவை குஞ்சுகள்தாம். ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டும்படி உடலை மட்டும் நாம் முன்னால் ஓடவிட்டிருக்கிறோம்.

எவ்வளவு முன்னால்? கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1957, 1978, 2005 ஆகிய காலங்களைச் சேர்ந்த கோழி வகைகளை ஒரே தீவனம் கொடுத்து ஒன்றாக வளர்த்தார்கள். 56ஆம் நாளில் 1957இன் கோழி 905 கிராம். 1978இன் கோழி 1,808 கிராம். 2005இன் கோழி 4,202 கிராம். தீவனம் ஒன்றேயாதலால் மாறியது இனத்தேர்வுதான். எலும்பும் இதயமும் இந்த எடைக்கு ஈடுகொடுக்க முடியாமல் பல கோழிகள் நொண்டுகின்றன. 2000ஆம் ஆண்டில் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், நொண்டும் கோழிகளுக்கு இரண்டு தீவனங்கள் வைத்தார்கள். ஒன்றில் வலிநிவாரணி கலந்திருந்தது. நொண்டும் கோழிகள் நன்றாக நடப்பவற்றைவிட மருந்துத் தீவனத்தை அதிகம் தேர்ந்தெடுத்தன. நொண்டல் கூடக்கூட அதைத் தின்பதும் கூடியது.

இந்தக் கோழிகளின் பெற்றோர் நிலை இன்னும் விசித்திரமானது. இதே வேகத்தில் வளரவிட்டால் முட்டையிடும் வயது வரை அவை உயிரோடு ஆரோக்கியமாக இருக்காது. ஆகவே அவற்றுக்குத் தீவனத்தை அளந்து குறைத்துக் கொடுக்கிறார்கள். பசிக்கும்படி படைத்துவிட்டுப் பசியிலேயே வைத்திருப்பது. கொட்டகைக்காரரை இதில் வில்லனாக்க மாட்டேன். பல இடங்களில் குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையவை, கொட்டகையும் உழைப்பும் அவருடையவை, கூலி எடையைப் பொறுத்தது. எந்த இனத்தை வளர்ப்பது, எத்தனை நாளில் பிடிப்பது என்பதில் அவருக்குச் சொல்லே கிடையாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2007ஆம் ஆண்டு விதி, கறிக்கோழிகளை ஒரு சதுர மீட்டருக்கு 33 கிலோ வரை வைக்கலாம் என்கிறது. கூடுதல் நிபந்தனைகளை நிறைவேற்றினால் 42 கிலோ வரை. உலகிலேயே கண்டிப்பானவை என்று பெயர் பெற்ற விதிகளில் இதுவும் ஒன்று. அதுவும் கோழியை எண்ணவில்லை, எடை போடுகிறது.

இனி உங்கள் மகளின் கேள்வி. அது பாவ புண்ணியக் கேள்வியாக மட்டும் எனக்குப் படவில்லை, கணக்குக் கேள்வியும்கூட. ஆகவே கணக்காகவே போட்டுப் பார்த்தேன். ஒன்றரைக் கிலோ கறிக்கு ஒரு கோழி சுமார் 40 நாட்கள் அந்தக் கொட்டகையில் இருக்கிறது. முட்டைக்கோழி ஓராண்டில் ஏறக்குறைய 300 முட்டையிடுகிறது. அதன் மூதாதையான காட்டுக்கோழி ஆண்டுக்குப் பத்துப் பதினைந்துதான் இடும். முட்டைக்கு முந்தைய வளர்பருவத்தையும் சேர்த்தால் ஒரு முட்டைக்குக் கோழியின் ஒன்றரை நாள் செலவாகிறது. எடைக்கு எடை பார்த்தால் கறியிலும் முட்டையிலும் ஒரு கோழி கழிக்கும் நாட்கள் அநேகமாகச் சமம். சாவு மட்டும் முட்டையில் குறைவு. அதுவும் பூஜ்யம் இல்லை. உற்பத்தி குறைந்ததும் முட்டைக்கோழி கொல்லப்படுகிறது. அதன் உடன்பிறந்த சேவல், முட்டையும் இடாது, லாபமாகக் கறியும் வைக்காது என்பதால் பொரித்த அன்றே வாயுவிலோ அரைக்கும் இயந்திரத்திலோ முடிகிறது. உங்கள் மகள் படித்தது உண்மைதான். ஜெர்மனி இதை 2022இல் தடைசெய்தது. முட்டைக்குள்ளேயே ஆணா பெண்ணா என்று கண்டறியும் தொழில்நுட்பம் இருப்பதால் அது முடிந்தது.

அந்த ஒன்றரை நாள் எங்கே கழிகிறது என்பதுதான் மிச்சக் கேள்வி. பழைய கம்பிக் கூண்டில் ஐரோப்பிய விதி ஒரு கோழிக்குக் கேட்டதே 550 சதுர சென்டிமீட்டர்தான். ஒரு ஏ4 தாள் இதைவிடப் பெரியது. 2012 முதல் அந்தக் கூண்டுகள் அங்கே தடைசெய்யப்பட்டுவிட்டன; உலகின் பல பகுதிகளில் இன்றும் இருக்கின்றன. கூண்டில் கோழி சிறகை விரிக்க முடியாது. மறைவிடமும் கிடையாது. முட்டையிடும் நேரம் நெருங்கிய கோழி ஒரு மறைவிடத்தை அடைய, மணிக்கணக்கில் பட்டினி கிடந்த கோழி தீவனத்துக்காகத் தள்ளுவது போலக் கனமான கதவைத் தள்ளுகிறது. மறைவிடம் கிடைக்காதபோது நீளமாக ஒரு முனகல் எழுப்புகிறது. ஆய்வாளர்கள் அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். வாயில்லா ஜீவன் என்று நாம் சொல்வது நம் காதைப் பற்றிய வாக்குமூலம் என்றே நினைக்கிறேன்.

காது கொடுத்துக் கேட்டால் நம் கருணையும் சில சமயம் பொய்த்துப்போகும். பிரிட்டனில் பண்ணை விலங்குகள் படும் பாட்டைப் பற்றி ரூத் ஹாரிசன் 1964இல் எழுதிய நூலால் எழுந்த கொந்தளிப்பில் அரசு ஒரு குழு அமைத்தது. பிராம்பெல் குழு என்பார்கள். விலங்கு எழுந்து நிற்க, படுக்க, திரும்ப, உடலைக் கோதிக்கொள்ள, கைகால் நீட்ட முடிய வேண்டும் என்று 1965இல் அது சொன்னது. இவ்வளவையும் ஒரு குழு அமைத்துச் சொல்ல வேண்டியிருந்தது! அதே குழு, கூண்டின் தரையில் மெல்லிய அறுகோணக் கம்பிவலை கூடாது, கோழியின் காலுக்கு அது வேதனை, தடித்த கம்பி போடுங்கள் என்றது. 1973இல் இருவர் இரண்டு தரைகளையும் கோழிகளுக்கு முன் வைத்துப் பார்த்தார்கள். கோழிகள் மெல்லிய வலையின் மேல் போய் நின்றன. நல்ல எண்ணத்தோடு கூடிய நிபுணர்கள் கோழியைக் கேட்க மறந்திருந்தார்கள்.

சிங்கத்தைப் பற்றி நிறையப் பேச வேண்டியதில்லை. சிங்கத்துக்கு வேறு வழி இல்லை, அது மானைக் கூண்டில் வைத்து வளர்ப்பதும் இல்லை. கீரைக்கு நரம்பு மண்டலம் கிடையாது. இருந்தாலும் கீரையின் மேல் அவ்வளவு இரக்கம் உள்ளவர் கறியைத்தான் முதலில் விட வேண்டும். ஒரு கிலோ கறிக்காகக் கோழியும் பன்றியும் தின்று தீர்க்கும் தீவனம் அதைவிடச் சில மடங்கு.

மூன்றாவது நண்பருக்கு மட்டும் நின்று பதில் சொல்ல வேண்டும். அமெரிக்க விலங்கியல் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின் கறி சாப்பிடுபவர். வட அமெரிக்காவின் மாடுகளில் ஏறக்குறையப் பாதி, மிரளாமல் இருக்கும்படி அவர் வடிவமைத்த அமைப்புகளில்தான் அறுகூடங்களில் கையாளப்படுகின்றன. கலிஃபோர்னியாவில் 2018இல் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. திரும்பக்கூட முடியாத கூண்டில் அடைத்த சினைப்பன்றியிடமிருந்து வந்த இறைச்சியும், கூண்டுக்கோழியின் முட்டையும் மாநிலத்தில் விற்கக் கூடாது என்ற சட்டத்துக்கு ஐந்தில் மூன்று பேருக்கு மேல் ஆதரவாக வாக்களித்தார்கள். அத்தனை பேரும் சைவர்களாக இருந்திருக்க வழியே இல்லை. உங்கள் நண்பரின் விதி அங்கே நடைமுறையில் இருந்திருந்தால் சட்டம் படுதோல்வி அடைந்திருக்கும். அவர் உங்களிடம் கேட்டது நேர்மையைப் போலத் தோன்றுகிறது. ஆனால் அவர் சொற்படி நீங்கள் வாயை மூடிக்கொண்டால் யாருக்கு நிம்மதி என்று யோசித்துப் பாருங்கள். நிச்சயம் கோழிக்கு இல்லை.

தகுதி என்று கேட்டதால் என் நிலையையும் சொல்கிறேன். கோழியையும் கூண்டு முட்டையையும் விட்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மீனை விட்டேன், திரும்பினேன், மறுபடி விட்டேன். 2003இல் வெளியான ஓர் ஆய்வைப் படித்ததுதான் காரணம். உதட்டில் அமிலம் ஏற்றப்பட்ட டிரௌட் மீன்கள் சரளைக்கல்லில் வாயைத் தேய்த்தன. மார்ஃபின் என்ற வலிநிவாரணியைக் கொடுத்ததும் அது குறைந்தது. பாலை இன்னும் விடவில்லை. பசு பால் கொடுக்க வேண்டுமானால் கன்று ஈன வேண்டும், ஈனுவதில் பாதி காளைக்கன்று, பெரிய பண்ணைகளில் கன்றைச் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ தாயிடமிருந்து பிரித்துவிடுகிறார்கள் என்பதெல்லாம் தெரியும். தெரிந்தே குடிக்கிறேன். இதற்கு என்னிடம் சாக்கு உண்டு, நியாயம் இல்லை.

உங்களுக்கு என்ன சொல்ல? என் பழைய படியிலிருந்து இறங்கிவிடுங்கள் என்பேன். கறி வேண்டுமென்றால் எப்போதோ ஒருமுறை, எப்படி வளர்ந்தது என்று கேட்டுப் பதில் கிடைக்கும் இடத்தில். பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில். மனைவிக்கும் முட்டை விஷயத்தில் இதே யோசனைதான். இந்தக் கடிதத்தை அவரிடம் கொடுக்கும்போது நான் அவரைக் குற்றம் சாட்டவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மகளிடம் கணக்கை அப்படியே காட்டலாம். பத்து வயதுக்கு அது கடினமில்லை; என்னைவிட நன்றாகவே போட்டுப் பார்ப்பாள். அவள் பாலையும் நிறுத்தினாளா என்று நீங்கள் எழுதவில்லை. நிறுத்தியிருந்தால் பி12 மாத்திரை கட்டாயம் வேண்டும். தாவர உணவிலிருந்து அது நம்பகமாகக் கிடைக்காது. வளரும் பிள்ளை, இரும்புச்சத்தையும் பார்க்க வேண்டும். இந்த வாரமே ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மனதை மாற்றச் சொல்லி அவர் அறிவுரை தொடங்கினால், அதற்காக வரவில்லை என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

அன்புடன்