வாசகர் கேள்வி: சொல்லெல்லாம் சரி, வசனம் மட்டும் ஏன் இடறுகிறது?

கேள்வி (புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு வாசகி): வெளிக்கள உத்தியோகத்தர் வேலைக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பக் கடிதம் எழுதினேன். அதில் ஒரு வசனம்: 'மை வேர்க் வோஸ் விசிட்டிங் ஃபமிலீஸ், டு ரைட் ரிப்போர்ட்ஸ் அண்ட் ஐ ட்ரெயின்ட் வொலன்டியர்ஸ்.' வாசித்த அண்ணா, ஏதோ இடறுது என்கிறார். எங்கே என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

பதில்: தங்கச்சி, அண்ணாவுக்குக் கேட்டது சரிதான். நீங்கள் செய்த மூன்று வேலைகளையும் ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கிறீர்கள், ஆனால் ஒன்று 'இங்' போட்டு வருகிறது, அடுத்தது 'டு' போட்டு வருகிறது, மூன்றாவது தனி வசனமாகவே வந்து நிற்கிறது. மூன்றையும் ஒரே உருவத்துக்குக் கொண்டுவாருங்கள்: 'விசிட்டிங் ஃபமிலீஸ், ரைட்டிங் ரிப்போர்ட்ஸ் அண்ட் ட்ரெயினிங் வொலன்டியர்ஸ்.' ஒரு சொல்லைக்கூடப் புதிதாகத் தேட வேண்டியதில்லை.

இந்தப் பிழை எங்கள் பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு வருகிறது என்று யோசித்தால், தமிழில் நாங்கள் வினைகளைக் கோர்க்கிற விதம்தான் முக்கிய காரணம் என்று எனக்குப் படுகிறது. 'அப்பா வயலை உழுது, விதைத்து, அருவி வெட்டி, சூடடித்து, நெல்லை வீட்டுக்குக் கொண்டுவந்தார்' என்கிறோம். காலபோகம் முழுவதும் ஒரே வசனத்துக்குள் வந்துவிட்டது, ஆனால் இறந்தகாலத்தை முழுதாகச் சுமப்பது கடைசியில் நிற்கிற 'கொண்டுவந்தார்' மட்டும்தான், மற்றதெல்லாம் அதன்மேல் சாய்ந்து நிற்கிற எச்சங்கள். இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போகிற பிள்ளை 'ஃபாதர் ப்ளவிங் த ஃபீல்ட், ஹார்வெஸ்ட் த பெடி அண்ட் ப்ரோட் இட் ஹோம்' என்று எழுதும். கடைசி வினை எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும் என்ற நம்பிக்கை. ஆங்கிலத்தில் 'அண்ட்' போட்டுச் சேர்த்தால் ஒவ்வொரு வினையும் தன் காலத்தைத் தானே சுமக்க வேண்டும்: 'ப்ளவ்ட், ஹார்வெஸ்டட், ப்ரோட்.'

அதற்காக இது எங்களுக்கு அந்நியமான விஷயம் இல்லை. 'வாசிக்கவும் எழுதுவதும் விருப்பம்' என்று யாராவது சொன்னால் உடனே திரும்பிப் பார்ப்போம் இல்லையா? அதே காதுதான் ஆங்கிலத்துக்கும் வேண்டும். 1863 இல் கெட்டிஸ்பர்க்கில் ஆபிரகாம் லிங்கன் சொன்ன 'ஒஃப் த பீப்பிள், பை த பீப்பிள், ஃபோர் த பீப்பிள்' என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முன்னிடைச்சொல் ஒன்றுதான் மாறுகிறது, மற்றது அசையாமல் நிற்கிறது, அதனால்தான் மாறுகிற அந்தச் சின்னச் சொல் மனதில் பதிகிறது.

சரி, எழுதியதை எப்படிச் சோதிப்பது? 'மை வேர்க் வோஸ்' என்பதை மேலே எழுதி, மூன்று வேலைகளையும் அதன்கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். ஒவ்வொன்றையும் மேலே உள்ளதோடு தனித்தனியாகச் சேர்த்து வாசியுங்கள். 'மை வேர்க் வோஸ் ஐ ட்ரெயின்ட்' என்று வரும்போது நாக்கே தடுக்கும். 'டு' போடுவதென்றால் முதலாவதற்கு மட்டும் போடுங்கள், இல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் போடுங்கள், இடையில் ஒன்றுக்கு மட்டும் விட்டுவிடாதீர்கள்.

'நொட் ஒன்லி, பட் ஓல்சோ' வரும் இடத்திலும் கவனம். 'ஷீ நொட் ஒன்லி டீச்சஸ் இங்லிஷ் பட் ஓல்சோ சயன்ஸ்' என்றால் ஒரு பக்கம் வினை, மறுபக்கம் வெறும் பெயர். 'டீச்சஸ்' என்பதை முன்னால் எடுத்து 'ஷீ டீச்சஸ் நொட் ஒன்லி இங்லிஷ் பட் ஓல்சோ சயன்ஸ்' என்று எழுதினால் இரண்டு பக்கமும் பாடத்தின் பெயர்தான் நிற்கும்.

கேள்வி (நெடுங்கேணியிலிருந்து ஒரு மாணவர்): அப்படியென்றால் ஒரே வசனத்தில் காலமும் மாறக் கூடாதா?

பதில்: மாறலாம் தம்பி. உருவம் ஒத்திருக்க வேண்டும் என்பதற்காக நடந்ததை மாற்றி எழுத முடியாதே. 'ஐ ஸ்டடீட் இன் வவுனியா, பட் ஐ வேர்க் இன் கிளிநொச்சி.' படித்தது அப்போது, வேலை இப்போது. இரண்டு பக்கமும் 'ஐ', வினை, 'இன்', ஊர் என்று ஒரே அமைப்பில்தான் இருக்கிறது.