சிங்கப்பூரில் முதல் தேர்தல் 1959-இல்தான் நடந்ததா? அதற்கு முன் யாருக்கு வாக்குரிமை இருந்தது?

இல்லை, அதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்னதாக, 1948 மார்ச் 20 அன்றே சட்டமன்றத்துக்கு முதல் தேர்தல் நடந்துவிட்டது. என் தாத்தா அதில் ஓட்டுப் போட்டவர். பேச்சு வந்தால் கொஞ்சம் சங்கடத்தோடுதான் சொல்வார்.

வாக்காளராகப் பதிய பிரிட்டிஷ் பிரஜையாக இருக்க வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து, போருக்குச் சற்று முன் கப்பலேறி வந்த தாத்தாவுக்கு அந்தத் தகுதி பிறப்பிலேயே இருந்தது. பக்கத்துக் கோப்பிக்கடைச் சீனர் அவருக்கும் முன்பே இங்கே வந்து கடை போட்டவர், பிள்ளைகளும் இங்கே பிறந்தவர்கள். ஆனால் அவர் பிறந்தது சீனாவில். அதனால் ஓட்டு இல்லை.

ஊரில் அப்போது 9 லட்சத்துக்கு மேல் மக்கள். பட்டியலில் ஏறியது ஏறத்தாழ 22,000 பேர். மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத இந்தியர், அந்தப் பட்டியலில் பாதியை நெருங்கினார்கள். பதிவு அவரவர் விருப்பம் என்பதால் இங்கேயே பிறந்த சீனரிலும் பலர் பதியவில்லை. போதாததற்கு, அன்றைய இடதுசாரிக் கட்சியான மலாயா ஜனநாயக சங்கம் தேர்தலையே புறக்கணித்தது.

அந்த ஓட்டுக்கும் எவ்வளவு பலம்? 22 உறுப்பினரில் மக்கள் தேர்ந்தெடுத்தது 6 பேரைத்தான். மூன்று வர்த்தக சங்கங்களுக்கு ஆளுக்கொரு இடம். மற்றவர்கள் அதிகாரிகளும் ஆளுநர் நியமித்தவர்களும். அவையில் ஆங்கிலம் மட்டுமே. கோப்பிக்கடைக்காரர் உள்ளே போயிருந்தாலும் வாய் திறந்திருக்க முடியாது. முற்போக்குக் கட்சி 3 இடம், சுயேச்சைகள் 3 இடம். இந்த முடிவை ஊரின் தீர்ப்பு என்று யாராவது எழுதினால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

1955-இல் தேர்ந்தெடுக்கும் இடங்கள் 25 ஆயின. பெயர்களை அரசே பட்டியலில் சேர்த்தது, வாக்காளர் சுமார் 3 லட்சம். டேவிட் மார்ஷல் முதலமைச்சரானார். அப்போதும் கோப்பிக்கடைக்காரர் வெளியேதான். 1957-இல் வந்த குடியுரிமைச் சட்டம்தான் அவரைப் போன்றவர்களுக்குக் கதவைத் திறந்தது.

1959 மே 30 அன்று அவர் கடையைப் பூட்டிவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தாத்தாவைக் கூப்பிட வந்தாராம். இருவரும் ஒரே வரிசையில் நின்றார்கள்.