உறுமி மேளத்தில் அவனைத் திரும்பச் சேர்க்கலாமா?

அண்ணனுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். தோட்டத்தை விட்டு வெளியே வந்த குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் சிறிய கோயிலில் நான் செயலாளர். எங்கள் உறுமி மேளக் குழுவில் இருந்த 16 வயதுப் பையன் வேறு மூன்று பேரோடு மோட்டார் சைக்கிள் திருடி மாட்டிக்கொண்டான். நீதிமன்றம் நன்னடத்தை ஜாமீனில் விட்டிருக்கிறது. திருவிழா வருகிறது, திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவன் பாட்டி வந்து கேட்கிறார். கமிட்டியிலோ, "அப்பன் உள்ளே போய் வந்தவன், இவனுக்கும் ரத்தத்திலேயே இருக்கு, மற்ற பிள்ளைகளும் கெட்டுப்போகும்" என்கிறார்கள். அவன் படத்தை வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டார்கள். உளவியல் இதற்கு என்ன சொல்கிறது?
(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

சேர்த்துக்கொள்ளுங்கள். காரணம் அப்புறம், முதலில் அந்தப் படத்தை எடுக்கச் சொல்லுங்கள். வழக்கில் சிக்கிய சிறாரின் பெயரும் படமும் ஊடகத்தில் வரக்கூடாது என்று 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டமே சொல்கிறது. சட்டம் மறைத்த முகத்தை நாமே ஊருக்குக் காட்டலாமா?

ரத்தம் என்ற பேச்சு பழையது. லொம்புரோசோ என்ற இத்தாலிய மருத்துவர் 1876இல், மண்டையையும் தாடையையும் வைத்துப் பிறவிக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம் என்று எழுதினார். கைதிகளை மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆங்கிலேயச் சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங் 1913இல் அதை மறுத்துவிட்டார். அதற்காக அப்பா சிறைக்குப் போனது பையனைத் தொடவே தொடாது என்று நான் சொல்லவில்லை. லண்டனில் 411 பையன்களை எட்டு வயது வாக்கிலிருந்து பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள், தண்டனை பெற்ற பெற்றோரின் பிள்ளைக்கு ஆபத்து கூடுதல்தான். ஆனால் வறுமை, கவனிப்பில்லாத வீடு, பள்ளியில் பின்தங்கியது எல்லாமே அதே கணக்கில் வந்தன. அதே ஆய்வில் டேவிட் பாரிங்டன் இன்னொன்றையும் பார்த்தார்: பிடிபட்டுத் தண்டனை பெற்ற பிறகு பையன்களின் தவறுகள் குறையவில்லை, கூடின. திருடன் என்று ஊர் முத்திரை குத்திய பிறகு அவனுக்கு வேறு என்ன வேலை மிச்சம்?

நியூசிலாந்தின் டனீடனில் 1972-73இல் பிறந்த ஆயிரம் பேர் வரை இன்னும் கவனிக்கப்படுகிறார்கள். அதை வைத்து உளவியலாளர் டெரி மொஃபிட் 1993இல் எழுதியதைத்தான் உங்கள் கமிட்டி கேட்க வேண்டும். சின்ன வயதிலேயே அடிதடியும் பொய்யுமாகத் தொடங்கி, வளர்ந்தும் விடாதவர்கள் சிறு கூட்டம். மற்றப் பெரும்பாலோர் பதின்ம வயதில் கூட்டாளிகளோடு சேர்ந்து தவறு செய்து, வேலை குடும்பம் என்று ஆனதும் தானே நின்றுவிடுகிறார்கள், நடுவில் போதையோ சிறையோ கேங்கோ பிடித்துக்கொள்ளாவிட்டால். உங்கள் பையன் எந்த வகை என்று அவனுடைய தமிழ்ப்பள்ளி ஆசிரியரைக் கேட்டாலே ஓரளவு தெரிந்துவிடும்.

பிடித்துக்கொள்வது எப்படி என்று நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். கோயிலில் இடமில்லாத பையன் எதிர்ச் சாப்பாட்டுக்கடையில் போய் உட்காருவான். அங்கே ஒருவர் அவனுக்கு மைலோ ஐஸ் சொல்லுவார், கைப்பேசிக்கு டாப்-அப் போட்டுக்கொடுப்பார், "உன் மேல யாராச்சும் கை வெச்சா எனக்குச் சொல்லு" என்பார். மரியாதையே கிடைக்காத வயதில் அந்த ஒரு பேச்சு போதும். நீங்கள் பூட்டுகிற கதவு அந்த ஆளுக்குத்தான் லாபம்.

கமிட்டியின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. தவறு செய்த பையன்களை ஒரே இடத்தில் சேர்த்தால் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்துக் கெடுகிறார்கள், இது ஆய்வுகளிலும் வந்த விஷயம். அதனால் அந்த நால்வரையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டாம், இவனைப் பொறுப்பான பெரியவர் பக்கத்தில் நிறுத்துங்கள். சிறைக்குக் கூட்டிப்போய்க் காட்டிப் பயமுறுத்தலாம் என்று யாராவது கிளம்பினால் விடாதீர்கள். அமெரிக்காவில் அப்படிச் செய்துபார்த்த பையன்கள், செய்யாதவர்களைவிட அதிகம் தவறு செய்தார்கள்.

மோட்டாரைப் பறிகொடுத்தவரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே தம்பி. விடியாத இருட்டில் செம்பனைக் காட்டுக்குப் போகிறவராக இருந்தால், மோட்டார் இல்லாத நாள் சம்பளம் இல்லாத நாள். பையன் அவர் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்கட்டும், அவர் சம்மதித்தால் மட்டும். விடுமுறையில் வேலை செய்து நஷ்டத்தில் ஒரு பங்காவது கொடுக்கட்டும். உறுமியைக் கையில் கொடுக்கும்போதே இதையும் சொல்லிவிடுங்கள்.

ஜாமீன் நிபந்தனையில் இரவில் வெளியே போகக்கூடாது என்று இருக்கிறதா என நன்னடத்தை அதிகாரியிடம் கேளுங்கள். இருந்தால், பயிற்சியைச் சாயங்காலத்துக்கு மாற்றுங்கள்.