இலவச மென்பொருளுக்கு எதற்கு நன்கொடை?

கேள்வி: ஓப்பன் சோர்ஸ், அதாவது நிரலை யாரும் பார்க்கலாம் என்று திறந்து வைத்திருக்கும் மென்பொருள், இலவசம் என்கிறார்கள். அப்புறம் பக்கத்துக்குப் பக்கம் நன்கொடை பட்டனை வைத்தால் என்ன அர்த்தம்?

பதில்: இறக்கிக்கொள்ளக் காசு வேண்டாம், அவ்வளவுதான். எழுதுகிறவருக்கும் வாடகை, கரன்ட் பில் எல்லாம் உண்டு. ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளையே பாருங்கள். இணையத்தில் நீங்கள் தட்டும் பாஸ்வேர்டை வழியில் யாரும் படித்துவிடாமல் காக்கிற வேலையை ஏராளமான சர்வர்களில் அதுதான் செய்கிறது. 2014 ஏப்ரலில் அதில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியே தெரிந்து உலகமே அலறியபோதுதான், அந்தக் குழுவுக்கு வருஷத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர், முழுநேர ஆள் ஒரே ஒருவர் என்பது பலருக்குத் தெரிந்தது. பதறிப்போன ஜனங்கள் ஒரே வாரத்தில் சுமார் 9,000 டாலர் அனுப்பினார்கள், பெரும்பாலும் ஐந்தும் பத்துமாக. நல்ல மனசுதான், ஆனால் அது ஒரு ஆளின் சில மாதச் சம்பளத்துக்குக்கூடக் காணாது. பெரிய பணம் அதற்கு அப்புறம் கம்பெனிகளிடமிருந்து வந்தது; கூகுள், மைக்ரோசாஃப்ட் போன்றவை லினக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு வழியாக இதுபோன்ற மென்பொருள்களுக்கென்று ஆளுக்கு வருஷம் 1,00,000 டாலர் என்று மூன்று வருஷத்துக்கு ஒப்புக்கொண்டன. அதை வைத்துச் சம்பாதித்த கம்பெனிகள் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தன என்று கேட்காதீர்கள், எனக்குக் கோபம் வரும்.

கேள்வி: மாதம் 1 டாலர் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். போதுமா?

பதில்: தாராளமாகக் கொடுங்கள், ஆனால் மாதாமாதம் வேண்டாம். கார்டு கட்டணத்தில் ஒவ்வொரு முறையும் 30 சென்ட் போல ஒரு நிலையான தொகையும் அதற்கு மேல் ஒரு சதவீதமும் பிடிப்பது வழக்கம், ஆக உங்கள் டாலரில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடும். 12 டாலரை வருஷத்துக்கு ஒருமுறை அனுப்பினால் மென்பொருளை எழுதுகிறவர் கைக்கு அதிகம் சேரும். நன்கொடையை வாங்கிக் கொடுக்கும் தளங்களில் லிபராபே தன் பங்குக்கு எதுவும் எடுப்பதில்லை, பேட்ரியான் எடுக்கும். தொகை சின்னதோ பெரிதோ, அடுத்த வருஷமும் வரும் என்று தெரிந்தால்தான் ஒருவர் வேறு வேலையைக் குறைத்துக்கொண்டு இதில் உட்கார முடியும். ஒரு தடவை கொட்டிக் கொடுத்துவிட்டு மறந்துபோகிறவரைவிட மறக்காமல் கொடுக்கிறவர் மேல்.

கேள்வி: 20 டாலர் கொடுத்தேன். நான் கேட்ட வசதியை ஆறு மாதமாகியும் சேர்க்கவில்லை. நியாயமா?

பதில்: நீங்கள் கொடுத்தது நன்கொடை, ஆர்டர் இல்லை. வசதிதான் வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக விலை பேசுங்கள், பலர் ஒப்புக்கொள்வார்கள். நச்சரிப்பது மட்டும் வேண்டாம். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளை ஒருவர் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். 2022-ல் ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளிடம் கொடுங்களேன் என்று சிலர் அவரைக் குடைந்தார்கள். உதவிக்கு வந்த ஒருவர் மெல்ல நம்பிக்கையைப் பெற்றார், கடைசியில் அந்த உதவியாளரின் கணக்கிலிருந்துதான் 2024-ல், அடுத்தவர் சர்வருக்குள் ரகசியமாக நுழைய வழிவிடும் திருட்டு வாசல் அந்த மென்பொருளுக்குள் போனது. சர்வரில் லாக்-இன் ஆக அரை விநாடி கூடுதலாகப் பிடிக்கிறதே என்று ஒரு பொறியாளர் சந்தேகப்பட்டுக் குடைந்ததால் தப்பித்தோம்.

கேள்வி: கையில் காசில்லாதவர்கள் என்ன செய்வது?

பதில்: உங்கள் ஆபீஸ் எந்தெந்த ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை நம்பி ஓடுகிறது என்று ஒரு பட்டியல் போட்டு, அதை மேலாளரிடம் கொடுங்கள், கம்பெனி கொடுக்கட்டும்.