அரிசி டப்பாவில் இருக்கும் அட்டை

(காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கிளெய்ம் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: தமிழ்நாட்டில் மூன்றில் இரண்டு குடும்பங்களுக்கு மருத்துவக் காப்பீடு இருக்கிறது என்று படித்தேன். எங்கள் தெருவில் கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். எது உண்மை?
– வாசகர், விருத்தாசலம்

இரண்டும்தான். நீங்கள் படித்தது தேசியக் குடும்ப நல ஆய்வின் கணக்கு. 2019-21இல் எடுத்த ஆய்வில் தமிழ்நாட்டுக்கு 66.5 சதவீதம். இந்தியா முழுக்கச் சேர்த்தால் 41தான். ஆனால் அவர்கள் எதை எண்ணுகிறார்கள் என்று பாருங்கள். வீட்டில் யாராவது ஒருவருக்குக் காப்பீடு இருந்தால் போதும், அது காப்பீடு உள்ள குடும்பம். மகனுடைய கம்பெனி அவனுக்கு மட்டும் பாலிசி போட்டிருக்கும். அப்பா, அம்மா, பாட்டி என்று வீடே அந்தக் கணக்கில் ஏறிவிடும். அதே ஆய்வில் ஆளை ஆளாக எண்ணியபோது, இந்திய அளவில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 30 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 33 சதவீதம் பேருக்கும்தான் காப்பீடு இருந்தது. உங்கள் தெரு பொய் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2005-06 ஆய்வில் நாடு முழுக்க நூறு குடும்பங்களில் ஐந்துக்குத்தான் ஏதோ ஒரு காப்பீடு இருந்தது. அந்த நாளில் எங்கள் கவுண்டருக்கு வந்தவர்கள் பேங்க்காரர்கள், கம்பெனிக்காரர்கள், அவ்வளவுதான். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஆட்சி மாறி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. பெயர் மாறினாலும் சரக்கு நின்றுபோகவில்லை. அந்த மட்டுக்கும் நம் அரசியல்வாதிகளுக்கு ஒரு கும்பிடு. 2015-16 ஆய்வில் தமிழ்நாடு 64 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. ஆக, பத்து வருடத்தில் ஒரே தாவல். அடுத்த நாலைந்து வருடத்தில் இரண்டு, இரண்டரை சதவீதம்தான் ஏற்றம். வருமான வரம்புக்குள் இருந்தவர்கள் பெரும்பாலும் உள்ளே வந்துவிட்டார்கள், வரம்புக்கு மேலே இருப்பவர்கள் வெளியிலேயே நிற்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

கேள்வி: எங்களிடம் முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. மருமகளுக்கு ஆபரேஷன் என்றபோது, அவள் பெயர் இதில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஏன்?
– வாசகி, மன்னார்குடி

எங்கள் தெருமுனையில் பூக்கட்டும் அம்மாவுக்கும் இதே கதைதான். அட்டையை எடுத்துவரச் சொன்னேன். அரிசி டப்பாவுக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டு வந்தார். பிளாஸ்டிக் உறை, அதற்குமேல் ஒரு ரப்பர் பேண்ட், ஓரமெல்லாம் தவிட்டுத் தூள். கார்டு எடுத்த வருடத்தில் வீட்டில் ஐந்து பேர். அதன்பின் ஒருவர் காலமாகிவிட்டார், மகன் கல்யாணமாகித் தனி ரேஷன் கார்டு வாங்கிவிட்டான், ஒரு பேத்தியும் பிறந்தாயிற்று. அட்டை மட்டும் அந்த வருடத்திலேயே நின்றுவிட்டது.

இந்தத் திட்டம் குடும்ப அட்டையைப் பிடித்துக்கொண்டு நடப்பது. ரேஷன் கார்டில் பெயர் இருக்க வேண்டும். கணவன், மனைவி, பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர், இவர்கள்தான் குடும்பம். மகன் தனி ரேஷன் கார்டு வாங்கினால், பழைய காப்பீட்டு அட்டை அவன் பின்னால் போகாது. அவன் தன் பெயரில் புதிதாகப் பதிய வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போகச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு செய்கிற வேலை இல்லை அது. பூக்கார அம்மாவின் மகனுக்கு வருமானச் சான்று வாங்கவே மூன்று நாள் பூ வியாபாரம் போயிற்று.

பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குத்தான் அட்டை செல்லும். காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்குவதற்கெல்லாம் செல்லாது. டயாலிசிஸுக்கு உண்டு.

கேள்வி: சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறேன். மாதம் பதினெட்டாயிரம் நிற்கும். அரசு அட்டை கிடைக்காது என்கிறார்கள். தனியாரில் எடுக்கலாமா? சுகர் இருக்கிறது.
– வாசகர், சங்கரன்கோவில்

முதல் கேள்விக்கான பதிலில் வெளியில் நிற்பவர்கள் என்றேனே, அது உங்களைத்தான். அரசுத் திட்டத்துக்கு வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். முன்பு 72,000ஆக இருந்தது. மாதம் பத்தாயிரத்தைத் தாண்டினால் வெளியே. தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. 21,000 ரூபாய் சம்பளம் வரை உண்டு, ஆனால் அது சம்பளக்காரருக்கு. முதலாளி என்று போர்டு மாட்டிய பாவத்துக்கு உங்களுக்குக் கிடையாது.

எடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. இல்லை. ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பணம் கிடைக்காத காத்திருப்புக் காலமும் 2024இலிருந்து அதிகபட்சம் மூன்று வருடம்தான், முன்பு நான்கு.

சுகரை மறைக்காதீர்கள். ஏஜென்ட் 'அதெல்லாம் எழுத வேண்டாம் சார்' என்பார். நான் பார்த்த கிளெய்ம்களில் மறைத்தவர்கள் மாட்டியது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: கேஸ் ஷீட்டின் முதல் பக்கம். அட்மிஷன் அன்று இரவு டியூட்டி டாக்டர் கேட்பார், மனைவி பதற்றத்தில் 'எட்டு வருஷமா சுகர், டாக்டர்' என்பார், அவர் அப்படியே எழுதிவிடுவார். பாலிசிக்கு வயது இரண்டு. அப்புறம் நாங்கள் எழுதும் மறுப்புக் கடிதத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. தொடர்ந்து ஐந்து வருடம் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய இந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்க முடியாது. ஆனால் அந்த ஐந்து வருடம் உடம்பு காத்திருக்குமா?

அறை வாடகை வரம்பையும் பாருங்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானே ஏமாந்தேன். என் பாலிசி மூன்று லட்சம், அறைக்கு ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 3,000. என் குடலிறக்க ஆபரேஷனுக்கு 5,000 ரூபாய் அறை எடுத்தேன். இரண்டாயிரம்தானே கையிலிருந்து போகும் என்று நினைத்தேன். ஐயாயிரத்தில் மூவாயிரம் என்ற அதே விகிதத்தில், டாக்டர் ஃபீஸ், தியேட்டர், நர்சிங் எல்லாவற்றிலும் நூற்றுக்கு அறுபதுதான் கொடுத்தார்கள். மருந்துக்கு வெட்டு இல்லை. முப்பத்தொரு வருடம் மற்றவர்களுக்கு அந்த ஷரத்தை எடுத்துக் காட்டியவன் நான்! பில்லைப் பார்த்து என் மனைவி சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

கேள்வி: எந்தக் காப்பீடும் இல்லாதவர் சாலை விபத்தில் அடிபட்டால்?
– வாசகர், திண்டிவனம்

'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. முதல் 48 மணி நேரம், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் கட்டணமில்லை. அட்டையோ வருமானச் சான்றோ கேட்க மாட்டார்கள். வேறு மாநிலத்துக்காரராக இருந்தாலும் சரி. 108ஐக் கூப்பிடும்போதே, திட்டத்தில் உள்ள மருத்துவமனைக்குப் போகச் சொல்லிவிடுங்கள்.