கேள்வி பதில்: தொட்டி கொதிக்குது, மின்னஞ்சல் வரலை

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மீன் தொட்டிக்கு கண்ட்ரோலர் (வெப்பநிலையைப் பார்த்து ஹீட்டரை இயக்கி, கோளாறு வந்தால் மெயில் அனுப்பும் கருவி) வைத்திருப்பவர்கள் கேட்டவை இவை. எல்லாமே எச்சரிக்கை மின்னஞ்சல் பற்றியவை.

டிஸ்கஸ் மீன் தொட்டி, தாமான் (குடியிருப்பு) வீடு: அண்ணே, ஜிமெயில் முகவரி, பாஸ்வேர்ட் ரெண்டும் சரியாத்தான் போட்டிருக்கேன். டெஸ்ட் அடிச்சா 535னு வருது. அதே பாஸ்வேர்ட்ல போன்ல ஜிமெயில் திறக்குதே?

535 வந்தால் ஒரு வகையில் நல்லதுதான் தம்பி. லைன், போர்ட் எல்லாம் தாண்டி சர்வர் வாசல் வரை போய்விட்டீர்கள், உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள், அவ்வளவுதான். சொந்த ஜிமெயில் கணக்குகளுக்கு 2022 மே 30 முதல் இப்படிப்பட்ட கருவிகள் சாதாரண பாஸ்வேர்டில் நுழைவதை கூகல் நிறுத்திவிட்டது. கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் இரண்டு படி சரிபார்ப்பை முதலில் போடுங்கள். அது இல்லாமல் ஆப் பாஸ்வேர்ட் கிடைக்காது. பிறகு ஆப் பாஸ்வேர்ட் ஒன்று எடுங்கள். 16 எழுத்து, நாலு நாலாகப் பிரித்துக் காட்டும். இடைவெளி விடாமல் சேர்த்து அடியுங்கள். அந்தப் பெட்டியை மூடினால் மறுபடி பார்க்க முடியாது, புதிதாகத்தான் எடுக்க வேண்டும்.

அனுப்புநர் முகவரியும் அதே கணக்காக இருக்கட்டும். தொட்டிக்கென்று தனி ஜிமெயில் திறப்பது உத்தமம். சொந்தக் கணக்கின் பாஸ்வேர்டை ஒரு நாள் மாற்றினால் ஆப் பாஸ்வேர்டும் கூடவே செத்துவிடும். கண்ட்ரோலர் அதை உங்களிடம் சொல்லாது, சொல்லவும் வழியில்லை.

அரோவானா தொட்டி, தோட்டத்து லயம்: ஐயா, எனக்கு 535 எல்லாம் இல்லை. ஒரு நிமிஷம் சுத்திட்டு டைம் அவுட்னு நிக்குது.

போர்ட்டை, அதாவது மெயில் சர்வரின் வாசல் எண்ணைப் பாருங்கள். பாதுகாப்பு முறை என்ற கட்டத்தில் 465 என்றால் எஸ்எஸ்எல், 587 என்றால் ஸ்டார்ட் டிஎல்எஸ். ஜோடி மாற்றி 465க்கு ஸ்டார்ட் டிஎல்எஸ் போட்டால் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பேசச் சொல்லிக் காத்துக்கொண்டிருக்கும். பழைய கையேட்டைப் பார்த்து 25 போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், வீட்டு லைன்களில் அதைப் பெரும்பாலும் அடைத்திருப்பார்கள். ஐபி முகவரியை நீங்களே கையால் கொடுத்திருந்தால் டிஎன்எஸ் கட்டம் (சர்வர் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது) காலியாக இருக்கிறதா என்றும் பாருங்கள், காலியென்றால் நிரப்புங்கள். அப்புறமும் போகவில்லையென்றால் கண்ட்ரோலரைக் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் வையுங்கள், பல கண்ட்ரோலர்களுக்கு 5 தெரியாது. அதில் போனால் குற்றம் வீட்டு ரவுட்டரிலோ லைனிலோதான்.

நன்னீர் இறால், பசார் பக்கம்: சாயங்காலம் இடி இடிச்சு கரண்ட் போய் வந்தா, மறுநாள் ரீசெட் பண்ற வரைக்கும் மெயில் போகறதில்ல.

கண்ட்ரோலர் சில நொடியில் எழுந்துவிடும். மோடமும் ரவுட்டரும் எழ சில நிமிடம் ஆகும். அதற்குள் இணையத்தில் நேரம் கேட்டு, கிடைக்காமல், 1970லேயே உட்கார்ந்துவிடும். 1970இல் இருக்கும் கருவிக்கு இன்றைய பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் பிறக்காத ஒன்று, அதனால் இணைப்பையே மறுக்கும். நேரத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கும் அமைப்பு இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் கண்ட்ரோலர் மின்சாரத்துக்கு முன்னால் ஐந்து நிமிடத் தாமத டைமர் ஒன்று போதும். கடிகார பேட்டரி உள்ள கருவியானால் அந்தச் சின்ன வட்ட பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

கடல்நீர்த் தொட்டி: கரண்டே போயிட்டா மெயில் வருமா?

வராது. கண்ட்ரோலர், ரவுட்டர், மோடம் மூன்றும் சேர்ந்தே அணைந்துவிடும். இதற்கு இரண்டு வேலை செய்ய வேண்டும்.

முதலாவது, இந்த மூன்றுக்கும் மட்டும் யுபிஎஸ். மூன்றும் சேர்ந்து 25 வாட் அளவுதான் இழுக்கும். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று ஏறக்குறைய இரண்டு மணி நேரம் தாங்கும். பம்பையும், நீரைக் குளிர்விக்கும் சில்லரையும் அதில் மாட்டாதீர்கள். ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. வீடு முழுக்க கரண்ட் இருக்கும், தொட்டி லைனின் இஎல்சிபி (மின்கசிவு கண்டால் கரண்டை அறுக்கும் சுவிட்ச்) மட்டும் ட்ரிப் ஆகியிருக்கும். யுபிஎஸ்ஸில் சுகமாக இருக்கும் கண்ட்ரோலருக்கு அது தெரியாது. தொட்டி பிளக்கிலேயே பழைய 5 வோல்ட் போன் சார்ஜர் ஒன்றைச் செருகி, அதில் 5 வோல்ட் ரிலே (கரண்ட் இருக்கும்வரை பிடித்திருக்கும் மின்காந்த சுவிட்ச்) ஒன்றை இயக்குங்கள். ரிலேயின் தொடுமுனைகளை மிதவை சுவிட்ச் மாட்டும் இடத்தில் இணையுங்கள். லைன் செத்தால் ரிலே விடும், கண்ட்ரோலர் மெயில் அனுப்பும். 240 வோல்ட் கண்ட்ரோலருக்குள் போகவே வேண்டாம்.

இரண்டாவது, கண்ட்ரோலர் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வெளியே உள்ள கண்காணிப்புச் சேவை ஒன்றைத் தட்டட்டும். இரண்டு தட்டல் தவறினால் அந்தச் சேவையே உங்களுக்கு மெயில் போடும். கருவி எரிந்துபோனாலும் தகவல் வரும் வழி இது ஒன்றுதான்.

மெயில் வந்தாலும் நீங்கள் ஈப்போவில் இருந்தால் என்ன செய்வீர்கள்? கரண்ட் போனால் தானே ஓடும் பேட்டரி காற்றுப் பம்பும் வாங்கி வையுங்கள். நன்னீர்க் கணக்கில் 25 டிகிரியில் லிட்டருக்கு ஏறக்குறைய 8.3 மில்லிகிராம் ஆக்ஸிஜன் நிற்கும், 30இல் 7.6தான். உப்பு நீரில் அதைவிடக் குறைவு.

டிஸ்கஸ் குஞ்சுகள்: ராத்திரி மூணு மணிக்கு மைனஸ் 127 டிகிரினு மெயில். சில நேரம் 85. பயந்துட்டேன் அண்ணே.

எவர்சில்வர் முனை வைத்த அந்த டிஎஸ்18பி20 சென்சார்தானே. மைனஸ் 127 என்றால் கம்பி பேசவில்லை. 85 என்பது அது கரண்ட் வந்ததும் காட்டும் முதல் எண், அளந்து முடிக்குமுன் கண்ட்ரோலர் படித்துவிட்டது. கம்பி இணைப்பைத் திறந்து பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா பாருங்கள், 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் சோதியுங்கள். மெயிலைவிட ஹீட்டரைப் பற்றித்தான் பயப்பட வேண்டும். மைனஸ் 127ஐ நம்பினால் கண்ட்ரோலர் ஹீட்டரை அணைக்கவே அணைக்காது. இந்த இரண்டு எண்ணும் வந்தால் ஹீட்டர் அணைய வேண்டும் என்று விதி போடுங்கள். ஐந்து நிமிடம் நீடித்தால் ‘சென்சார் போச்சு’ என்று மெயில் போகட்டும்.

அதே நபர்: ஒரே ராத்திரியில நூறு மெயில் வருதே?

எச்சரிக்கை எல்லையை 30.0 என்று வைத்திருப்பீர்கள். 29.9, 30.1 என்று ஆடும்போதெல்லாம் ஒரு மெயில். நம்ம ஊர் மதிய வெயிலுக்கு 31.5ஐப் பத்து நிமிடம் தாண்டினால் எச்சரிக்கை, 31க்குக் கீழே வந்தால் விடுதலை, நடுவில் மணிக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். தலைப்பில் வெப்பநிலையைச் சேருங்கள். ஒரே தலைப்பானால் ஜிமெயில் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டிவிடும், புதியது கண்ணில் படாது.

கப்பி வளர்ப்பவர்: டெஸ்ட் பட்டன் அழுத்தினா போதுமா?

போதாது, அது மெயிலை மட்டும்தான் சோதிக்கும். ஹீட்டர் பிளக்கை முதலில் பிடுங்கிவிட்டு, சென்சாரை எடுத்து 35 டிகிரி வெந்நீர் டம்ளரில் போட்டு, பத்து நிமிடம் தாண்டியதும் மெயில் வருகிறதா பாருங்கள். பிறகு தொட்டி பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். சென்சாரைத் திரும்ப நீரில் போட்டபின் ஹீட்டரை மாட்டுங்கள்.