மாற்றிய முழங்காலுக்கு மறுபடி ஒப்பரேஷனா? முதலில் காரணம் தெரியட்டும்

கேள்வி: அம்மாவுக்கு வயது 71. ஏழு வருடத்துக்கு முன் இடது முழங்காலில் செயற்கை மூட்டு வைத்தோம். நன்றாகத்தான் நடந்தார். கொஞ்ச மாதமாக நோவும் வீக்கமும், இரவில் கூட. சீனி வருத்தமும் உண்டு. பார்மசியில் இரண்டு தடவை அன்டிபயோட்டிக் வாங்கிக் கொடுத்தோம். குறைந்து திரும்ப வருகிறது. ஒரு டொக்டர் மறுபடி ஒப்பரேஷன் என்கிறார், மற்றவர் பொறுத்துப் பார்க்கச் சொல்கிறார். என்ன செய்வது? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: இருவரிடமும் ஒன்றைக் கேளுங்கள்: அம்மாவுக்கு எதனால் நோகிறது? அதற்குத் தெளிவான பதில் கிடைக்கும்வரை ஒப்பரேஷனுக்குத் திகதி எடுக்க வேண்டாம். காரணம் தெரியாமல் மூட்டை மாற்றினால், பலருக்கு அதே நோவு அப்படியே இருக்கும்.

உட்கார்ந்து எழும்பி முதல் நாலைந்து அடிக்கு நோவு குத்தி, நடக்க நடக்கக் குறைந்தால், செயற்கை மூட்டுக்கு எலும்போடு இருந்த பிடி கழன்றிருக்கலாம். படி இறங்கும்போது கால் நழுவுவது போலிருந்தால் தசைநார் தளர்வையோ செயற்கை மூட்டிலுள்ள பிளாஸ்டிக் தேய்வையோ பார்க்க வேண்டும். இடுப்பு மூட்டு பழுதாகி முழங்காலில் நோவு காட்டுவதும் உண்டு. ஆனால் சும்மா படுத்திருக்கும்போதே நோவும் வீக்கமும் என்றால் முதல் சந்தேகம் கிருமித்தொற்றுதான்.

எனக்குக் கவலை தருவது அந்த அன்டிபயோட்டிக். கிருமிகள் செயற்கை மூட்டின்மேல் படலமாகப் படிந்துவிடும். மாத்திரை அவற்றை அடக்கி வைக்குமே தவிர அழிக்காது. பரிசோதனை முடிவையும் பிழையாக்கிவிடும். தயவுசெய்து இனி நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். கொடுத்த மருந்தின் பெயரையும் நாளையும் டொக்டரிடம் சொல்லுங்கள். இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி அளவுகளைப் பார்த்து, மூட்டிலிருந்து ஊசியால் நீர் எடுத்து, வெள்ளணு எண்ணவும் கிருமி வளர்க்கவும் அனுப்புவார்கள். அதற்கு முன் பொதுவாக இரண்டு கிழமையாவது அன்டிபயோட்டிக் எடுக்காமல் இருக்க வேண்டும். சில கிருமிகள் மிக மெதுவாக வளரும் என்பதால் 14 நாள் வரை வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பழைய எக்ஸ்ரேக்களையும் தேடி எடுங்கள். மூட்டை ஒட்டவைத்த சீமெந்துக்கும் எலும்புக்கும் நடுவில் தெரியும் மெல்லிய கறுப்புக் கோடு, முந்தைய படத்தைவிட அகன்றிருக்கிறதா என்பதுதான் முக்கியம். புதுப் படம் ஒன்றை மட்டும் வைத்து அதைச் சொல்வது கடினம். டயக்னோசிஸ் கார்டும், வைத்த மூட்டின் கம்பனியும் அளவும் உள்ள ஸ்டிக்கரும் இருந்தால் பெரிய உதவி.

தொற்று இல்லை, கழன்றுதான் இருக்கிறது என்றால் ஒரே ஒப்பரேஷனில் மாற்றலாம். ஆனால் அதிகம் தள்ளிப்போட வேண்டாம். ஆடும் மூட்டு எலும்பைத் தின்றுகொண்டே போகும், பிறகு நீளமான தண்டும் உலோகத் துண்டுகளும் வைத்து நிரப்ப வேண்டிவரும். நாட்பட்ட தொற்று என்றால் பெரும்பாலும் இரண்டு கட்டம். முதலில் மூட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து, அன்டிபயோட்டிக் கலந்த சீமெந்துத் துண்டை அந்த இடத்தில் வைப்பார்கள். பல கிழமைகள் மருந்து, வோக்கர், பொறுமை. தொற்று அடங்கிய பிறகே புது மூட்டு. அந்த மாதங்களில் வீட்டில் யார் கூட இருப்பது என்பதை இப்போதே பேசி வையுங்கள். சீனி கட்டுப்பாட்டில் இல்லாமல் இதில் இறங்கக்கூடாது.

இரண்டாவது தடவை கால் முதல் தடவை அளவுக்கு மடங்காமல் போகலாம். அம்மாவிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். எல்லாப் பரிசோதனையும் சரி, காரணம் எதுவும் பிடிபடவில்லை என்றால் பொறுக்கச் சொன்ன டொக்டர் சொல்வதே சரி.

நடுவில் காய்ச்சல், நடுக்கம், தழும்பிலிருந்து நீர் வடிதல், திடீரென ஊன்ற முடியாமை என்று எது வந்தாலும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைத்து உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.